நாற்பத்திரண்டாவது தலை

1979-ஆம் வருடம் ஜூன் மாதம், மழை பிடிப்பதற்கு இரண்டு நாள் முன்பு, மருதமுத்து அந்த அரசாங்கக் காப்பகத்தில் பாதுகாப்பு அதிகாரியாக வேலைக்குச் சேர்ந்தார். பட்டாளத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். கடைசியாக இருந்தது கல்கத்தாக் கோட்டையில். முதுகுளத்தூருக்குத் திரும்பிப் போய்ச் செய்ய ஒன்றுமில்லை என்று, மனைவி சுந்தரியோடு காளிகாட்டில் ஒரு சந்துக்குள் அறை எடுத்துத் தங்கிவிட்டார். லேக் மார்க்கெட் பக்கத்தில் இருந்த ஒரு தமிழ் மெஸ்ஸுக்குச் சுந்தரி மாவு அரைத்துக் கொடுத்தாள். பிள்ளைகள் இல்லை.

பஸ்ஸில் ஜாதவ்பூர் வந்து, அங்கிருந்து சைக்கிள் ரிக்‌ஷாவில் தெற்கே அரை மணி நேரம் போக வேண்டும். கால்வாயின் மேல் ஒரு குறுகலான பாலம், அதன் முனையில் ஒரு டீக்கடை, அப்புறம் காரை உதிர்ந்த நீண்ட மதில். ஏதோ ஜமீன்தார் கட்டிய தோட்ட வீடு அது. மாடியில் ஆபீஸ். கீழே, ஒரு காலத்தில் நாட்டியம் நடந்த பெரிய கூடம்தான் வார்டு. மனவளர்ச்சி குன்றிய ஆண்கள் அதில் இருந்தார்கள். அரும்பு மீசைக்காரர்கள் முதல் பல் போன கிழவர்கள் வரை. எல்லாருக்கும் பேனுக்குப் பயந்து மொட்டையடித்திருந்தது. எல்லாருக்கும் ஒரே சாம்பல் நிறச் சட்டை, அரைக்கால் சட்டை. கூடத்துக்கு ஒரே வாசல். அதில் தரையிலிருந்து உத்தரம் வரை இரும்புக் கிராதி.

சூப்பரின்டென்டன்ட் மித்ரா மூக்கில் கைக்குட்டையை வைத்துக்கொண்டு கிராதிக்கு இந்தப் பக்கமே நின்றார்.

"ஹவில்தார், உமக்கு மூன்று வேலை. வெளிக் கேட்டு, இந்தக் கிராதி, தலை எண்ணுவது. சாயங்காலம் ஆறு மணிக்கு எண்ணி, பூட்டி, ரிஜிஸ்டரில் எழுத வேண்டும். மொத்தம் நாற்பத்தொரு பேர். அவ்வளவுதான்."

அன்று சாயங்காலம் மருதமுத்து எண்ணினார். நாற்பத்திரண்டு வந்தது.

முதல் நாள், தடுமாற்றம் என்று நினைத்து மறுபடி எண்ணினார். நாற்பத்திரண்டு. வார்டு ஊழியர் ஹரிபதா சோற்று வாளியைக் கழுவிக்கொண்டே சொன்னார்:

"நாற்பத்தொன்று என்று எழுதிவிடுங்கள் தாதா. எல்லாரும் அப்படித்தான் எழுதினார்கள்."

"எல்லாரும்னா?"

"உங்களுக்கு முன்னால் இருந்தவர்கள். போன வருஷ வெள்ளத்துக்கு அப்புறம் மூன்று பேர் வந்து போய்விட்டார்கள். நானே தை மாசம் வந்தவன். இவர்களில் யார் யார் என்று எனக்கும் தெரியாது. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் ஒருத்தனும் திரும்புவதில்லை."

பட்டாளத்தில் எண்ணிக்கை தப்பினால் என்ன ஆகும் என்று மருதமுத்துவுக்குத் தெரியும். மறுநாள் எல்லாரையும் ஒவ்வொருவராகக் கிராதி வழியே வராந்தாவுக்கு வரச் செய்தார். ஒவ்வொருவன் தோளிலும் சாக்குக்கட்டியால் ஒரு கோடு போட்டார். நாற்பத்தொரு கோடு. உள்ளே ஒருவரும் மிச்சமில்லை என்று தானே போய்ப் பார்த்தார். திரும்ப எல்லாரையும் உள்ளே அனுப்பிப் பூட்டிவிட்டு எண்ணினார்.

நாற்பத்திரண்டு.

எல்லாத் தோளிலும் கோடு இருந்தது.

ஒரு தோளில் மட்டும் கோடு கரைந்து, வெள்ளையாகச் சட்டையில் வழிந்துகொண்டிருந்தது. அந்த முகத்தைப் பார்க்க அவர் விளக்கைத் தூக்குவதற்குள் வரிசை கலைந்துவிட்டது. சேறும் அழுகிய ஆகாயத்தாமரையும் கலந்த கால்வாய் வாடை அவரைக் கடந்து போயிற்று.

அவர் நாற்பத்தொன்று என்று எழுதினார்.

மழை வந்தது மூன்றாம் நாள் மத்தியானம். மூன்று மணிக்கே கூடம் இருண்டது. கரண்ட் போய்விட்டது. மருதமுத்து வராந்தாவில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். வராந்தாவின் ஓட்டுக் கூரையில் முதல் சரம் இறங்கியதும், உள்ளே இருந்த இரைச்சல் சட்டென்று நின்றது. சிரிப்பு, முனகல், தனக்குத் தானே பேசுவது எல்லாம் ஒரே நேரத்தில் நின்றுவிட்டது.

எழுந்து கிராதி வழியே பார்த்தார்.

எல்லாரும் ஏறிக்கொண்டிருந்தார்கள். கட்டில் மேல், அலமாரி மேல், உயரமான ஜன்னல்களின் கம்பிகளில். நடக்கவே தடுமாறுகிற கிழவர்கள்கூட ஒருவர் தோளில் ஒருவர் கால் வைத்து ஏறினார்கள். சத்தமே இல்லை. ஏறிய பிறகு கம்பியைக் கட்டிக்கொண்டு, கீழே தரையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

தரையில் தண்ணீர் இல்லை. காய்ந்த சிமெண்டுத் தரை.

ஒருவன் மட்டும் ஏறவில்லை. கூடத்தின் அந்தக் கோடியிலிருந்து கிராதியை நோக்கி நடந்து வந்தான். இடுப்பளவு தண்ணீரில் நடப்பவன்போல் மெதுவாக, கைகளை அகட்டிக்கொண்டு. வந்து கிராதியைப் பிடித்தான். குதிகால் தூக்கி, முகவாயை மேலே நிமிர்த்தி, மூக்கு மட்டும் மேலே தெரிந்தால் போதும் என்பதுபோல் நின்றான்.

மருதமுத்துவுக்கும் அவனுக்கும் நடுவே நான்கு முழம்.

"ஆத்தா..." என்று அவர் வாய் தானாக முனகியது.

மேலே, ஜன்னலிலிருந்து ஒரு குரல் வந்தது. தமிழில்.

"தண்ணி வருதுண்ணே. ஏறிக்கங்க."

அவர் நிமிர்ந்து பார்த்தார். முப்பது வயதிருக்கும், கறுத்த, பெரிய தலைக்காரன் ஒருவன் கம்பியைக் கட்டிக்கொண்டு அவரையே பார்த்தான். அவர் திரும்பக் கிராதியைப் பார்த்தபோது அங்கே யாரும் இல்லை. கைகள் பிடித்திருந்த இடத்தில் இரண்டு கம்பிகள் ஈரமாக இருந்தன.

மழை விட்டதும், தமிழில் பேசியவனைக் கிராதிக்குப் பக்கத்தில் கூப்பிட்டார்.

"உம் பேரு என்னப்பா?"

அவன் நிமிர்ந்து நின்றான். பள்ளிக்கூடத்தில் பாட்டு ஒப்பிப்பதுபோல் கண்ணை மூடிக்கொண்டு சொன்னான்: "எம் பேரு கருப்பையா. அக்கா பேரு ராமாயி. ஊரு கமுதி, கீழத் தெரு. என்னய வீட்ல விட்டுருங்க."

"இத யாரு சொல்லிக் குடுத்தா?"

"அக்கா. காணாமப் போனா சொல்லணும்."

அவன் தினமும் அதைச் சொல்லிக்கொண்டிருந்தான் என்று ஹரிபதாவிடம் கேட்டதில் தெரிந்தது. மந்திரம்போல் ஏதோ உளறுவான், அவ்வளவுதான் அவர்களுக்குத் தெரியும். மற்றது கருப்பையாவிடமே துருவிக் கேட்டதில் புரிந்தது: மதுரைச் சித்திரைத் திருவிழாக் கூட்டத்தில் அக்காவின் கையை விட்டவன், ஏதோ ஒரு ரயிலில் ஏறி, இன்னொன்றில் ஏறி, ஹவுராவில் வந்து இறங்கியிருக்கிறான்.

மருதமுத்து அன்று வீட்டுக்குப் போய்ச் சுந்தரியிடம் சொன்னார். கிராதியில் நின்றவனைப் பற்றிச் சொல்லவில்லை. சுந்தரி அப்போதே ராமாயிக்கு ஒரு போஸ்ட் கார்டை எடுத்துக் கால்நீட்டி உட்கார்ந்து எழுதினாள். மறுநாளிலிருந்து கருப்பையாவுக்கென்று தூக்குவாளியில் இட்லியும் மிளகாய்ப்பொடியும் வந்தன. அவன் காலில் பழைய புண் ஒன்று சீழ் வைத்திருந்தது. மஞ்சளைக் குழைத்து வைத்து, தன்னுடைய பழைய காக்கிச் சட்டையைக் கிழித்துக் கட்டிவிட்டார் மருதமுத்து. ஒரு நாள் விட்டு ஒரு நாள் கட்டு மாற்றினார். புண் ஆறிக்கொண்டு வந்தது.

"கீழ நிக்கிறான்ல, கம்பியப் பிடிச்சிக்கிட்டு. அவன் யாருப்பா?" என்று ஒரு நாள் மெதுவாகக் கேட்டார்.

"அவன் செத்துட்டான்ணே."

"எப்ப?"

"தண்ணி வந்தப்ப. கதவத் தொறக்கல. எல்லாரும் ஏறுனோம். அவனுக்கு ஏறத் தெரியாது." கருப்பையா இட்லியை விரலால் பிய்த்துக்கொண்டே சொன்னான். "பசிக்குதுங்குறான். நாங் குடுத்தாலும் வாங்க மாட்டேங்குறான்."

ஹரிபதா, தான் கேள்விப்பட்டபடி, கதையின் மிச்சத்தைச் சொன்னார். போன செப்டம்பரில் மூன்று நாள் விடாமல் பெய்ததே, அப்போது கால்வாய் உடைத்துக்கொண்டு வந்தது. காவலுக்கு இருந்தவர் தன் வீட்டைப் பார்க்க ஓடிவிட்டார், இடுப்பில் சாவியோடு. ஒன்றரை நாள் கழித்துத்தான் பூட்டை உடைத்தார்கள். ஒரு பிணம். பழைய ஆட்களையெல்லாம் எங்கெங்கோ மாற்றிவிட்டார்கள். மித்ரா மட்டும்தான் மிச்சம்.

ஆகஸ்ட் மாதம் நடுவில் மித்ரா அவரை மாடிக்குக் கூப்பிட்டார். மேஜை மேல் ஒரு கடிதம். வருகிற திங்கட்கிழமை தலைமைச் செயலகத்திலிருந்து கமிட்டி வருகிறது. ஒவ்வொருவரையும் அவர்களே எண்ணுவார்கள்.

"நேற்று வாசலில் நின்று நானே எண்ணினேன்," என்றார் மித்ரா. முகம் வெளுத்திருந்தது. "ஒன்று கூடுதலாக இருக்கிறது. உமக்குத் தெரியும், இல்லையா?"

"தெரியும் சார்."

"யார் அது?"

"தெரியாது சார்."

"எனக்குத் தெரியும்." அவர் ஒரு ஃபைலைத் தள்ளினார். "நீர் இட்லி கொடுக்கிறீரே, அந்த மதராஸி."

மருதமுத்து படித்தார். ஆங்கிலத்தில் தட்டச்சு செய்திருந்தது. பெயர் தெரியாத ஆண், மதராஸி, 1970-இல் ஹவுரா ஸ்டேஷனில் போலீஸ் ஒப்படைத்தது. கீழே சிவப்பு மையில்: 1978 செப்டம்பர் 28, வெள்ளத்தில் மூழ்கி மரணம். பக்கத்தில் மித்ராவின் கையெழுத்து.

"இங்கே வந்த மதராஸி ஒரே ஒருத்தன்தான்," என்றார் மித்ரா. "அவன் செத்துவிட்டான். எரித்தாயிற்று."

"இல்ல சார். செத்தது வேற ஆள்னு அவனே சொன்னான்."

"செத்தவன், நான்தான் செத்தேன் என்று சொல்வானா ஹவில்தார்?"

மருதமுத்து ஃபைலை மூடி மேஜை மேல் வைத்தார்.

"ஒன்பது வருஷமாக யாரோடும் பேசாதவன் உம்மோடு மட்டும் பேசுகிறான். நீர் வந்த பிறகு பேசுகிறான். யோசித்துப் பாரும்." மித்ராவின் குரல் தாழ்ந்தது. "அதை வெளியே கொண்டுபோய் விட்டுவிடும். கேட்டுக்கு அப்பால். அது எங்கே போகுமோ போகட்டும். திங்கட்கிழமை எனக்கு நாற்பத்தொன்று வேண்டும்."

வெள்ளிக்கிழமை முழுக்க மருதமுத்து கருப்பையாவின் பக்கம் போகவில்லை. தூரத்திலிருந்து பார்த்தார். அவன் மற்றவர்களை விடக் கறுப்பாக இருப்பது ஏன், நிழல் சரியாக விழுகிறதா, கண் சிமிட்டுகிறானா என்றெல்லாம் பார்த்தார். வீட்டில் சுந்தரியிடம் ஃபைலைப் பற்றி மட்டும் சொன்னார்.

"புண்ணு ஆறுதுன்னு நீங்கதானே சொன்னீங்க," என்றாள் சுந்தரி. "செத்தவனுக்குப் புண்ணு ஆறுமா? அந்தாளு ஏதோ தப்பா எழுதி வச்சிருக்கான். போய்ச் சொல்லுங்க."

சொல்லத்தான் சனிக்கிழமை போனார்.

சனிக்கிழமை மத்தியானத்திலிருந்து மழை. ஐந்து மணிக்கு அவர் கிராதிக்கு வந்தபோது எல்லாரும் ஜன்னல்களில் ஏறியிருந்தார்கள். கிராதியைப் பிடித்துக்கொண்டு ஒருவன் நின்றான். குதிகால் தூக்கி, முகவாய் நிமிர்த்தி. வராந்தாக் கூரை வாசலில் ஒழுகி, கம்பி வழியே அவன் மேல் கொட்டிக்கொண்டிருந்தது. மெதுவாக அவன் முகத்தைத் தாழ்த்தினான்.

கருப்பையா.

"அவன் எப்படி நிக்கிறான்னு நின்னு பாத்தேண்ணே," என்றான். கை நீட்டி அவர் மணிக்கட்டைத் தொட்டான். கை பனிக்கட்டியாக இருந்தது.

இத்தனை நாளாகத் தன் கையால் செத்த ஒன்றுக்கா சோறு போட்டோம் என்று மருதமுத்துவுக்குள் ஒரு கேள்வி எழுந்தது. அதற்குப் பிறகு அவர் எதையும் யோசிக்கவில்லை. பூட்டைத் திறந்தார்.

"வா."

"எங்கண்ணே?"

"ஊருக்கு."

கருப்பையாவின் வாய் திறந்தது. சத்தமில்லாமல் சிரித்தான். கிராதியைத் தாண்டி, வராந்தாவைத் தாண்டி, கேட்டைத் தாண்டி, நொண்டிக்கொண்டே அவர் பின்னால் வந்தான். தெருவில் ஆள் நடமாட்டம் இல்லை. சாயங்கால வெளிச்சம் மழையில் சாம்பலாகக் கரைந்துகொண்டிருந்தது. கால்வாய் பாலத்தின் விளிம்பைத் தொட்டுக்கொண்டு ஓடியது. பாலத்தின் நடுவில் மருதமுத்து நின்றார்.

"இங்கனயே நில்லு. வண்டி வரும்."

"நகரக் கூடாதா?"

"நகரக் கூடாது."

"சரிண்ணே."

அவர் திரும்பிப் பார்க்காமல் நடந்தார். பின்னால் குரல் கேட்டது. எம் பேரு கருப்பையா. அக்கா பேரு ராமாயி. வண்டிக்காரனுக்குச் சொல்லப் பழகிக்கொண்டிருந்தான்.

ஆறு மணிக்கு எண்ணினார். நாற்பத்தொன்று. திரும்ப எண்ணினார். நாற்பத்தொன்று. எத்தனையோ நாளைக்குப் பிறகு பொய்யில்லாமல் ரிஜிஸ்டரில் எழுதினார். மித்ரா மாடியிலிருந்து இறங்கி வந்து அவர் தோளைத் தட்டினார்.

அன்று இரவு தூங்கினார்.

ஞாயிற்றுக்கிழமை காலை பாலத்தில் கூட்டம். டீக்கடைக்காரர் நிமாயி போலீஸ்காரரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்: "ராத்திரி முழுக்க நின்றான் பாபு. நடுப் பாலத்தில். தண்ணீர் முழங்காலுக்கு ஏறிவிட்டது, வாடா என்று நானே கத்தினேன். வரவில்லை. ஒரே பேச்சைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு நின்றான். விடியற்காலம் பார்த்தேன், ஆளைக் காணோம்."

ஆகாயத்தாமரைக்குள்ளிருந்து மேலே இழுத்துப் போட்டிருந்தார்கள். மருதமுத்து குனிந்து பார்த்தார். கனத்த, விறைத்த, மனித உடம்பு. கால் கட்டு அவிழ்ந்து தொங்கியது. புண் இருந்த இடத்தில் புதுத் தோல் மூடியிருந்தது.

போலீஸ்காரர் கேட்டார்: "உங்கள் காப்பகத்து ஆளா?"

பின்னால் குடையோடு நின்ற மித்ரா பதில் சொன்னார். "இல்லை. எங்களுடைய நாற்பத்தொரு பேரும் இருக்கிறார்கள். ரிஜிஸ்டரைப் பாருங்கள்."

மருதமுத்து வாயைத் திறந்தார். ரிஜிஸ்டரில் இருந்தது அவருடைய கையெழுத்து.

வாயை மூடிக்கொண்டார்.

அப்போதுதான் அவருக்கு எல்லாம் புரிந்தது. வெள்ளத்தில் செத்தவன் யாரோ ஒருவன். ஊதிப்போன பிணத்துக்கு ஒரு பெயர் வேண்டியிருந்தது. யாரும் தேடி வர மாட்டார்கள் என்று மதராஸியின் ஃபைலை எடுத்து மூடியிருக்கிறார்கள். செத்தவன் ரிஜிஸ்டரில் உயிரோடு இருந்தான். உயிரோடு இருந்தவன் ரிஜிஸ்டரில் செத்திருந்தான். நேற்று அவர் எண்ணி எழுதிய நாற்பத்தொன்றில் உயிருள்ளவர்கள் நாற்பது பேர்தான்.

திங்கட்கிழமை கமிட்டி வந்தது, எண்ணியது, நாற்பத்தொன்று என்று எழுதி, சந்தேஷ் இனிப்பைத் தின்றுவிட்டுப் போயிற்று.

அன்று சாயங்காலம் மருதமுத்து எண்ணினார்.

நாற்பத்திரண்டு.

சுந்தரி தினமும் தூக்குவாளி கொடுத்தனுப்பினாள். அவரால் சொல்ல முடியவில்லை. போகிற வழியில் பாலத்தில் நின்று இட்லியைக் கால்வாயில் கொட்டினார். வேலையை விட்டுவிடலாம் என்று இரண்டு முறை எழுதிய கடிதத்தை இரண்டு முறையும் கிழித்துப் போட்டார். தான் போய்விட்டால் உள்ளே இருப்பவனிடம் தமிழில் பேச யாரும் இருக்க மாட்டார்கள் என்று அவருக்குத் தோன்றியது. பேசவும் துணிவில்லை. வரிசையின் கடைசியில் ஒரு பெரிய தலை தெரியும்போது கண்ணைத் தாழ்த்திக்கொண்டு எண்ணுவார்.

செப்டம்பர் ஏழாம் தேதி மாலை. கரண்ட் இல்லை. நல்ல வெயில் அடித்து ஓய்ந்த நாள், மழையின் சுவடே கிடையாது. மருதமுத்து அரிக்கேன் விளக்கை ஏற்றிக்கொண்டிருந்தபோது கேட்டில் ஒரு ரிக்‌ஷா வந்து நின்றது.

நாற்பது வயதுப் பெண் ஒருத்தி இறங்கினாள். கண்டாங்கிச் சேலை, காலில் செருப்பில்லை, கையில் ஒரு மஞ்சள் பை. முந்தானையில் முடிந்திருந்த போஸ்ட் கார்டை எடுத்து நீட்டினாள். சுந்தரியின் கையெழுத்து.

"மருதமுத்துங்கிறது..."

"நாந்தான்."

அவள் அவர் காலில் விழுந்துவிட்டாள்.

"எங் குலசாமி நீங்க. நாலு நாளா ரயில்ல வந்தேன். மெட்ராசுல ஏத்தி விட்டவுக, ஹவுராவுல எறங்குன்னாக. கார்டு எங்கெங்கயோ சுத்தி ஆவணி பொறந்துதான் எங் கைக்கு வந்துச்சு. நாந்தான் ராமாயி. எந் தம்பி எங்கய்யா? புதுச் சட்டை எடுத்தாந்துருக்கேன். அளவுதான் தெரியல."

"அம்மா..." என்றார் மருதமுத்து. "உக்காருங்க. ஒரு விஷயம் சொல்லணும்."

"உக்காரவா வந்தேன்? மொதல்ல அவனக் காட்டுங்க."

அவர் தடுப்பதற்குள் வராந்தாவில் ஏறிவிட்டாள். கிராதியின் முன்னால் போய் நின்றாள். உள்ளே இருட்டு. வரிசையாகச் சாம்பல் சட்டைகள், மொட்டைத் தலைகள்.

"கருப்பா!" என்று கூப்பிட்டாள்.

உள்ளே இருந்த இரைச்சல் நின்றது.

"அம்மா, வாங்கம்மா இந்தப் பக்கம். சொல்றதக் கேளுங்க. உங்க தம்பி..."

"அதா வாரான்ல!"

அவள் முகம் மலர்ந்தது. அழுதுகொண்டே சிரித்தாள். இரண்டு கைகளையும் கம்பிகளுக்கு நடுவே விட்டு, எதையோ பக்கத்தில் இழுத்தாள். மருதமுத்து அரிக்கேனைத் தூக்கினார். வெளிச்சம் கம்பிகளைத் தாண்டி வெறும் சிமெண்டுத் தரையில் விழுந்தது. மற்றவர்கள் சுவரோரமாக ஒதுங்கி, ஒவ்வொருவராகக் கட்டில்களின் மேல் ஏறிக்கொண்டிருந்தார்கள்.

ராமாயி முந்தானையை எடுத்து, கம்பிக்கு அந்தப் பக்கம், ஒரு தலையின் உயரத்தில், அழுத்தி அழுத்தித் துடைத்தாள்.

"ஏய்யா, பிள்ள இப்படித் தொப்பலா நனைஞ்சு நிக்கிறானே. ஒரு துண்டு எடுத்துத் துவட்டி விட இங்க ஆளில்லையா?"

கோபத்தோடு அவர் பக்கம் திரும்பி, முந்தானையை இரண்டு கையாலும் முறுக்கிப் பிழிந்தாள்.

கறுத்த தண்ணீர் வராந்தாத் தரையில் கொட்டியது. அதில் ஆகாயத்தாமரையின் வேர் ஒன்று மிதந்தது.